மூடியைத் திறக்காமலே ஒரு மரணச் சான்றிதழ்

"ஏசி பழசாயிடுச்சு ஐயா, புதுசு வாங்கிடுங்க." அரியாங்குப்பத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காத ஓய்வூதியர் வீடு அநேகமாக இருக்காது. சொல்கிறவர் வெளி யூனிட்டின் மூடியைக் கூடக் கழற்றியிருக்க மாட்டார். காத்து வருது, குளிர்ச்சி இல்லை, ஆகவே கம்ப்ரசர் போச்சு. தீர்ப்பு முடிந்தது. அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். கோப்பைத் திறக்காமல் குறிப்பு எழுதுகிறவனுக்கு அங்கே மெமோ கிடைக்கும். இங்கே கமிஷன் கிடைக்கிறது.

பழைய ஸ்ப்ளிட் ஏசிகள் பலவற்றில், முக்கியமாக 2 டன் ரகத்தில், வெளி யூனிட்டுக்குள் கன்டாக்டர் என்று ஒரு சாமான் உண்டு. பிரெஞ்சில் கொந்தாக்தேர். உள்ளங்கையில் அடங்கும். அறையிலிருந்து வரும் சிறு மின்சாரம் அதன் காயிலைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். முனைகள் சேர்ந்ததும் கம்ப்ரசருக்கு வேண்டிய பெரிய கரண்ட் போகும். அவ்வளவுதான் வேலை. ஆனால் சேரும்போதும் பிரியும்போதும் பொறி பறக்கும். வெள்ளிக் கலவை முனைகள் நாளாக ஆகக் கருகிக் குழி விழும். நம் ஊரில் கடல் உப்புக் காற்று வேறு, கோடையில் லோ வோல்டேஜ் வேறு. எறும்புகள் உள்ளே புகுந்து முனைகளுக்கு நடுவில் நசுங்கிக் கிடப்பதும் உண்டு. காயில் எரிந்தாலும் முனை கருகினாலும் கம்ப்ரசர் ஓடாது. அதற்கும் கம்ப்ரசருக்கும் சம்பந்தமே இல்லை. முனைகள் ஒட்டிக்கொண்டால் நேர்மாறு: ரிமோட்டில் நிறுத்தினாலும் வெளியே ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டு 2 டன் ஏசிக்குப் பதினான்கு வயது. போன ஏப்ரலில் ஒரு கம்பெனி ஆள் அதற்கு மரணச் சான்றிதழ் எழுதிவிட்டுப் போனார். பிறகு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி மூடியைக் கழற்றி, கருகிய கன்டாக்டரைக் காட்டி, புதியதை மாட்டினார். கூலியும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். அரை மணி நேரம்.

புது இன்வெர்ட்டர் ஏசி மின்சாரம் மிச்சம் பண்ணும் என்பார்கள். உண்மைதான். காயில் ஓட்டையாகி, வருஷா வருஷம் கேஸ் நிரப்புகிறவர்கள் மாற்றட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள எலெக்ட்ரானிக் போர்டு போனால் என்ன செலவாகும் என்று விற்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

நம்மில் பாதிப் பேருக்கு பிரான்சில் சொந்தம் உண்டு. அங்கே ஆயுளை வேண்டுமென்றே குறைத்துச் சாமான் செய்வது 2015 முதல் குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை, 3 லட்சம் யூரோ வரை அபராதம். 2021 ஜனவரி முதல் வாஷிங் மெஷின், டிவி, செல்போன், லேப்டாப், புல்வெட்டி ஆகியவற்றில் பழுதுபார்க்கும் வசதிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒட்ட வேண்டும் என அன்று விதி செய்தார்கள். ஏசி அந்த முதல் பட்டியலில் இல்லை என்பது எனக்கு வருத்தம். தில்லியில் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. நல்லது. ஆனால் இணையதளம் சட்டமாகிவிடுமா? விலாசம் மட்டும் உள்ள காலிக் கவரைத் தபாலில் போட்ட மாதிரி இருக்கிறது.

நாமே ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டாம். ஒரு முனை மட்டும் துண்டிக்கும் கன்டாக்டர்களில், ஏசி நின்றிருந்தாலும் இன்னொரு பக்கம் கரண்ட் இருக்கும். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கும். வருகிறவரைப் பக்கத்தில் நின்று பாருங்கள், போதும். உப்புத்தாளால் முனையைத் தேய்த்தால் தடுங்கள், வெள்ளிதான் போகும். புதியதில் காயில் வோல்டேஜ், ஆம்பியர், முனைகளின் எண்ணிக்கை மூன்றும் பழையதோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள். பில்லில் சாமானின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு பிறகு பணம் கொடுங்கள்.