பால் கக்கும் பாலகன்

குடித்த பாலில் சிறிது கடைவாயில் வழிதல் கைக்குழந்தைகளுக்கு இயல்பே. ஆனால், பிறந்து மூன்று வாரமளவில், குடித்ததனைத்தையும் தூரப் பாயும்படி சத்தியெடுத்து, உடனே மீண்டும் பசித்தழும் குழந்தையின் நிலை வேறு. இரைப்பையின் கீழ்வாயிலிலுள்ள தசை தடித்து, பால் குடலுக்குச் செல்லும் வழியை அடைக்கின்றது. ஆண் குழந்தைகளிடத்தே இந்நோய் அதிகம்.

தாய்மாரே! நாவூறென்று காத்திருப்பதும், பால்மாவை மாற்றிப் பார்ப்பதும் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரும் நிறையும் குறையுமுன்னரே, அச்சுவேலியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்காதீர்கள்.

அங்கே பாலூட்டலை நிறுத்தி, நாளத்தின் வழியே உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை ஏற்றுவர். அழுகை பொறாது ஒளித்துப் பாலூட்டாதீர்கள். மயக்கமருந்து கொடுக்கும்போது அப்பால் சுவாசப்பைக்குட் சென்றுவிடக்கூடும். பாலைப் பிழிந்தெடுத்து வந்தாற் சுரப்பு வற்றாது.

தடித்த தசையைப் பிளந்து வழிதிறக்கும் சத்திரசிகிச்சையை 1912இல் வெளியிட்டவர் ஜெர்மனிய வைத்தியர் ராம்ஸ்டெட். இன்றும் அம்முறையே கைக்கொள்ளப்படுகின்றது. சில மணி நேரத்தின் பின் சிறிது சிறிதாகப் பாலூட்டலாம். முதல் ஓரிரு நாள் சற்றுக் கக்கினாலும் கலங்கவேண்டாம். சத்தி தொடர்ந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, காயம் சிவந்தாலோ உடனே தாதியிடம் கூறுங்கள்.

காலத்தே காட்டிய குழந்தை, விரைவிலே மடியில் நிறைவயிற்றோடு உறங்கும்.