விலாசம் சொல்பவர் படுத்தால்?

2016-ம் ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் முதலிய தளங்கள் விட்டு விட்டுப் பல மணி நேரம் திறக்கவில்லை. அவற்றின் கம்ப்யூட்டர்கள் நன்றாகத்தான் ஓடின. அவற்றுக்கு விலாசம் சொல்லும் 'டைன்' என்ற கம்பெனிதான் தாக்குதலில் திணறியது. தாக்கியவை எவை தெரியுமா? வீடுகளில் மாட்டிய காமிராக்கள் முதலியவை!

பெயரைச் சொன்னால் எண்ணைத் தருவது டி.என்.எஸ். சர்வர் படுத்துவிட்டால், மாற்று சர்வரின் எண்ணை அது தானாகவே தரும்படி செய்யலாம். காவல் கம்ப்யூட்டர் ஒன்று அடிக்கடி தட்டிப் பார்க்கும். பதில் இல்லையா? விலாசம் மாறும். பழைய எண்ணை நினைவில் வைத்த கம்ப்யூட்டர்கள் மட்டும் கொஞ்ச நேரம் பழைய வாசலிலேயே நிற்கும். அதனால், 'இந்த விலாசம் 60 வினாடிக்கே செல்லும்' என்று முன்பே எழுதி வைப்பார்கள்.

விலாசம் சொல்பவரே படுத்தால்? அப்போது மாற்று சர்வர் இருந்தும் பயன் இல்லை. இரண்டு கம்பெனிகளிடம் விலாசத்தைக் கொடுத்து வைக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவும் அன்று ஒன்றையே நம்பியிருந்தன.