வாடகை வீட்டு பாத்ரூமுக்கு அலங்காரம் ஒரு கேடா?

"நம்ம வீடா என்ன, எதுக்குடா வெட்டிச்செலவு?"ன்னு ஆபீஸ் நண்பர்கள் கேக்கறாங்க. வீடு ஓனரோடது தாங்க. ஆனா தினமும் காலைல அதுக்குள்ள நிக்கறது நாமதானே?

என் கட்சி இதுதான்: போகும்போது கழட்டி எடுத்துட்டுப் போகக்கூடியதுக்கு மட்டும் செலவு பண்ணணும். சுவத்துல ஓட்டை போட்டா, காலி பண்றப்போ அட்வான்ஸ்ல கை வெப்பாங்க. ஒட்டுற கொக்கி நாலு, மூலை ஸ்டாண்டு, நல்ல எல்ஈடி பல்பு, ஜன்னல்ல பாட்டில் தண்ணியில ஒரு மணிபிளாண்ட். எனக்கு 1000 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

டைல்ஸ் ஸ்டிக்கர் மட்டும் வேணாம். ஈரம் உள்ள போனா ஓரம் கிளம்பி, பின்னாடி பூஞ்சை பிடிச்சிடும்.

சென்னை போர் தண்ணி விடுற உப்புக்கறைக்கு ஆசிட் ஊத்தாதீங்க. டைல்ஸ் இடுக்கு சிமெண்ட்டையே அரிச்சிடும். குழாய்ல படிஞ்ச வெள்ளைக்கு வினிகர்ல நனைச்ச துணியைச் சுத்தி அரைமணி நேரம் விட்டு, தேய்ச்சுக் கழுவினா போதும். எந்த ஆசிட்டையும், வினிகரையும் சேர்த்துதான், ப்ளீச்சிங் பவுடரோட கலந்துடாதீங்க சாமி. குளோரின் வாயு வரும். அந்த அஞ்சடி ரூம்ல அது விளையாட்டில்ல.

சுத்தமும் வெளிச்சமும்தான் முதல் அலங்காரம், மத்ததெல்லாம் அப்புறம். என்ன சொல்றீங்க மக்களே?