கிரகணமும் காமிராவும்

கிரகணம் வந்துவிட்டால் நம் குடும்பங்களில் இரண்டு கட்சிகள் ஏற்பட்டுவிடுகின்றன. கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பையைப் போட்டுவிட்டு, கிரகணம் எப்போது விடும் என்று காத்திருப்பது ஒரு கட்சி. "சந்திரனுடைய நிழல்தானே, இதற்கு என்ன பயம்?" என்று கேட்டுக்கொண்டு, செல்போனும் கையுமாக மொட்டை மாடிக்கு ஓடுவது மற்றொரு கட்சி. பள்ளிக்கூடத்து உபாத்தியாயன் எந்தக் கட்சியில் இருப்பான் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் கண்ணைப் பொறுத்த மட்டில், கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கு யாதொரு தீங்கும் இல்லை. மாடிக்கு ஓடுகிறவர்களுக்குத்தான் அபாயம். இந்த வாரப் பேச்சு அவர்களுக்காகவே.

2019-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி, மார்கழி அமாவாசை, வியாழக்கிழமை. அன்று ஒரு கங்கண கிரகணம் தமிழ்நாட்டின் குறுக்கே சென்றது. நீலகிரி, கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் நெருப்பு வளையம் தோன்றும் அதிர்ஷ்டம் இருந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் எங்கள் திருமழபாடிக்கு வளையம் கிடைக்கவில்லை. பாதை எங்களுக்குச் சற்றுத் தெற்கே ஒதுங்கிப் போய்விட்டது. எங்களுக்குக் கிடைத்தது பிறை வடிவச் சூரியன். காலை 8 மணி தாண்டிப் பிடித்த கிரகணம், 9.30 மணி சுமாருக்கு ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கை மறைத்து, 11.15 மணியளவில் விட்டது.

பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டு விடுமுறை. மறுநாள் ஊராட்சித் தேர்தலின் முதற் கட்ட வாக்குப்பதிவு. உபாத்தியாயர்களில் பலர் தேர்தல் வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவர்களுக்கோ வாக்குச் சீட்டைத் தவிர வேறு சிந்தனையில்லை. ஆகவே பிள்ளைகள் தங்கள் யுக்தியை நம்பி வானத்தைப் பார்க்கலானார்கள். பாட்டியின் மார்பை எடுத்த எக்ஸ்-ரே படத்தின் வழியாகப் பார்த்தான் ஒரு பையன். மற்றொருவன் விளக்குப் புகை பிடித்த கண்ணாடித் துண்டு வைத்திருந்தான். அடுத்த வீட்டு அம்மாள் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி, அதில் தெரிந்த சூரியனைக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றும் பரம்பரையாக வரும் உபாயங்கள். மூன்றும் போதாதவை. ஏன் போதாதவை என்பதைக் கணக்காகவே சொல்லிவிடலாம்.

சூரியனுக்கென்று தயாரிக்கும் நல்ல பில்டர், வரும் வெளிச்சத்தில் 1,00,000-த்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடுகிறது. நேராகப் பார்த்த தண்ணீரோ, தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 50-ல் ஒரு பங்கைத் திருப்பியனுப்புகிறது. அதாவது பில்டர் விடுவதைப் போல் 2,000 மடங்கு. மஞ்சள் கரைத்தாலும் மேற்பரப்பில் பளிச்சிடுவது குறைவதில்லை. எக்ஸ்-ரே படத்தில் எலும்புள்ள இடம் ஒரு மாதிரி, காற்றுள்ள இடம் ஒரு மாதிரி. கறுப்பாகத் தோன்றும் இடமும் கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. புகைக் கண்ணாடியின் கதையும் இதுவே.

"பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிட்டதே, மிச்சம் ஒரு பங்குதானே?" என்பார்கள். அந்த ஒரு பங்கும் பில்டர் விடுவதைப் போல் 10,000 மடங்கு. மேலும், மிச்சமிருக்கும் பிறையின் ஒவ்வோர் அணுவும் முழுச் சூரியனின் அதே உக்கிரத்தோடுதான் எரிகிறது. சாதாரண நாளில் சூரியனை நிமிர்ந்து பார்த்தால் கண் கூசித் தானே மூடிக்கொள்ளும். கிரகணத்தில் ஆகாயம் மங்குகிறது, கண்மணி விரிகிறது, கூச்சம் தணிகிறது. அப்போது பார்க்கிறவன் நெடுநேரம் பார்த்துவிடுகிறான். விழித்திரைக்கு வலி தெரியாது. கையைச் சுட்டால் "ஆ!" என்று இழுத்துக்கொள்கிறோம், விழித்திரை சுட்டால் ஒன்றுமே தெரிவதில்லை. சில மணி நேரம் கழித்தோ, மறுநாட் காலையிலோ, பார்க்கும் எழுத்தின் நடுவில் ஒரு கறை உட்கார்ந்திருக்கும். சிலருக்கு மாதக் கணக்கில் அது தெளியும், சிலருக்குத் தெளியாது. இதற்கென்று நிச்சயமான வைத்தியம் கிடையாது. வைத்தியநாதசுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் காமிராவுக்கு வருவோம். பூதக் கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கொளுத்தாத சிறுவன் இருக்க முடியாது. காமிராவின் லென்ஸும் பூதக் கண்ணாடிதான்; பெரிய லென்ஸ், பெரிய பூதக் கண்ணாடி. லென்ஸ் வழியாகவே கண் பார்க்கும் காமிராவானால், காகிதத்தின் இடத்தில் இருப்பது கண்.

இதிலிருந்து முதல் விதி தானே பிறக்கிறது. பில்டர் சூரியனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருக்க வேண்டும், லென்ஸின் முன் முகத்தில். கண் பக்கத்தில் வைப்பது வீண். கிரகணக் கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலருக்குள் பார்ப்பவர்கள் உண்டு. குவிந்த வெயில் முதலில் அந்தத் தாளைப் பொசுக்கும், பிறகு கண்ணை. கண் வைக்கும் துண்டில் திருகிக்கொள்ளும் சிறு கறுப்புக் கண்ணாடிகளை முற்காலத்தில் டெலஸ்கோப்புகளோடு கொடுத்தார்கள். சூடேறி அவை திடீரென்று விரிந்து வெடிப்பதுண்டு. பழைய டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அதை இன்றே குப்பையில் போட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது விதியில்தான் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். "முழுமை வந்ததும் பில்டரை எடுத்துவிடு" என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்கும். அது பொய்யன்று. ஆனால் பூரண கிரகணத்துக்கு மட்டுமே பொருந்தும். இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

1871-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி நிகழ்ந்த கிரகணத்தின் பாதை, 2019-ன் பாதையைப் பெரும்பாலும் ஒத்திருந்தது: பேக்கல், நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம். அது பூரண கிரகணம். நார்மன் லாக்கியர் பேக்கல் கோட்டையில் கூடாரம் அடித்தார். சென்னை வான ஆராய்ச்சிசாலையின் போக்ஸன் அவினாசிக்கு வந்தார். இத்தாலியரான ரெஸ்பிகி புதுக்கோட்டையில் தங்கினார். தொட்டபெட்டா சிகரத்தில் கர்னல் டென்னன்ட் கோஷ்டியார் காமிரா நிறுத்தினார்கள். அக்காலத்துப் போட்டோ பிடிப்பது ஒரு யாகம். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த பூரண இருள் இரண்டு நிமிஷம் சுமார். அதற்குள் பேக்கலிலும் தொட்டபெட்டாவிலும் எடுத்த தகடுகளில் சூரியனைச் சுற்றியுள்ள ஒளிமகுடம் பதிந்தது. அந்த இரண்டு நிமிஷமும் லென்ஸ் திறந்தே இருந்தது, திறக்கத்தான் வேண்டும். ஒளிமகுடம் பூரணச் சந்திரனைப் போன்ற மென்மையான வெளிச்சம் உடையது. பில்டர் போட்டால் படத்தில் ஒன்றும் விழாது.

2019-ல் நடந்தது வேறு. சந்திரன் நமக்குச் சற்று எட்டத்தில் இருந்தபடியால், சூரியனின் வட்டத்தை முழுதும் மூடும் அளவுக்கு அதன் வட்டம் பெரிதாகத் தோன்றவில்லை. வளையம் எவ்வளவு மெலிந்தாலும் அது சூரியனேதான். கங்கண கிரகணத்திலும் பகுதிக் கிரகணத்திலும் பில்டரை எடுக்கும் வேளை என்று ஒன்று கிடையவே கிடையாது. 2027 ஆகஸ்டு 2-ஆம் தேதிக் கிரகணம் எகிப்தில் லக்ஸர் நகரத்தருகே ஆறு நிமிஷத்துக்கு மேல் பூரணமாகும் கிரகணம். தமிழ்நாட்டுக்கு அது மாலை வேளையில் பகுதிக் கிரகணம் மாத்திரமே. எகிப்துக்காரருக்குச் சொன்ன யோசனை செல்போன் மூலமாகத் திருமழபாடி வரையில் வந்து சேரும் காலம் இது. அதை நம்பி எங்கள் தெருப் பையன் பில்டரைக் கழற்றுவானானால் அவன் கதி என்ன?

படம் எடுக்கும் முறை அப்படியொன்றும் கஷ்டமில்லை. உலோகம் பூசிய சூரிய பில்டர் தாளை வாங்கி, லென்ஸ் மூக்கில் கச்சிதமாகப் பொருந்தும்படி அட்டை வளையம் செய்து ஒட்டிக்கொள்ளலாம். காற்றில் பறக்காதபடி நாடா சுற்ற வேண்டும். கடைகளில் விற்கும் தாளில் இரண்டு தரம் உண்டு. படம் எடுப்பதற்கென்றே உள்ள மெல்லிய தரம் கண்ணுக்கு உதவாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 5 என்ற அடர்த்தியுள்ளதையே வாங்குங்கள். வெயிலைக் கூட்டிக் குறைக்கும் சாதாரணப் போட்டோ பில்டர்களையும், குளிர்கண்ணாடிகளையும் தொடாதீர்கள். வெல்டிங் பட்டறையில் 14-ஆம் நம்பர் கண்ணாடி கிடைத்தால் நல்லதே. படம் பச்சையாக வரும், வரட்டும்.

காமிராவை முக்காலி ஸ்டாண்டில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எப்-8 என்று வைத்து, 1/500 விநாடியில் தொடங்கி மேலும் கீழும் சில படங்கள் எடுத்துப் பாருங்கள். இந்தப் பரீட்சையைக் கிரகணத்துக்கு முதல் நாளே செய்துவிடலாம். முழுச் சூரியனுக்குச் சரியான கணக்கு, பிறைக்கும் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும். லென்ஸின் குவிய தூரத்தில் சுமார் 110-ல் ஒரு பங்குதான் சூரிய பிம்பத்தின் அளவு. 500 மில்லிமீட்டர் லென்ஸில் நாலரை மில்லிமீட்டர்; 50 மில்லிமீட்டரில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. செல்போனில் ஒரு புள்ளிதான். செல்போன் லென்ஸின் மீது கிரகணக் கண்ணாடியைப் பிடித்து எடுக்கலாம். ஆனால் போனுக்கு வரும் கேட்டை விட, போனை உயர்த்திச் சூரியன் எங்கே என்று அதன் விளிம்புக்கு மேலே தேடுகிறவர் கண்ணுக்கு வரும் கேடு பெரிது. தேடுகிறவரும் கிரகணக் கண்ணாடி அணிந்தே தேட வேண்டும்.

இவ்வளவு செலவும் வேண்டாம் என்பவர்களுக்கு அரசமரம் இருக்கிறது. இலைகளின் இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளைக் காமிரா. கிரகணத்தின்போது மரத்தடியில் விழும் வெயிற் பொட்டுகள் எல்லாம் பிறைகளாகிவிடும். நான்கு மீட்டர் உயரத்து இடுக்கிலிருந்து விழும் பிறை மூன்றரைச் சென்டிமீட்டர் குறுக்களவுக்கு வரும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையைப் படம் எடுக்கலாம். சல்லடையைப் பிடித்தாலும் போதும், நூறு பிறைகள்! வெயில் சாய்வாக விழும் வேளையில் பிம்பம் நீண்டு தெரியும். வெள்ளை அட்டையைச் சூரியனுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் சரியாகிவிடும். என் அபிப்பிராயத்தில், 500 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த படத்தை விட, வாசற்கோலத்தின் மீது பிறைகள் சிதறிக் கிடக்கும் படம்தான் அழகு. முன்னது எந்த ஊரில் எடுத்தாலும் ஒன்றுதான். பின்னது நம் வீட்டு வாசல்.

அடுத்த கங்கண கிரகணத்துக்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 2031 மே 21-ஆம் தேதி அது தேனி, மதுரை, காரைக்குடி வழியாகச் செல்கிறது. எங்களுக்கு மீண்டும் பிறைதான். கோடை விடுமுறை, கத்திரி வெயில், நடுப்பகல் வேளை, சூரியன் உச்சிக்கு அருகில். காமிராவையும் போனையும் படம் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் ஈரத்துணி போட்ட நிழலில் வைத்திருக்க வேண்டும். மதுரைக்குப் பிரயாணம் போகிறவர்கள், பில்டர் தாளை முதல் நாள் இரவே எடுத்து, பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட வேண்டும். எங்கேயாவது ஒளிப் புள்ளி தெரிந்தால், மடிப்பில் பூச்சு விட்டுப்போயிருந்தால், தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.