சான்றிதழுக்குப் பின் வரும் அழைப்புகள்

‘ஸ்பா தெரபிஸ்ட்’ பயிற்சியை முடித்து வெளியேவரும் இளம் பெண்களுக்கு வேலை கிடைப்பதில்லை என்று எவரும் குறைகூற முடியாது. சான்றிதழ் கைக்கு வருமுன்பே அழைப்புகள் வந்துவிடுகின்றன. 2015இல் தொடங்கப்பட்ட பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம் உள்ளிட்ட திறன் மேம்பாட்டு ஏற்பாடுகளில் அழகு, நல்வாழ்வுத் துறைக்கும் இடம் உண்டு. அதற்கெனத் தனியாக ஒரு திறன் கவுன்சிலும் இயங்குகிறது. பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையை ஆட்சியாளர்கள் மேடைதோறும் முழங்குகின்றனர். அந்த வேலை எத்தகையது, யார் கொடுப்பது, எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விகளை மட்டும் அந்தப் பெண்ணிடமே விட்டுவிடுகின்றனர்.

வடகிழக்கு மாநிலம் ஒன்றிலிருந்து வரும் 22 வயதுப் பெண் ஒருத்தியை எண்ணிப்பார்ப்போம். தில்லி, மும்பை, பெங்களூரு, கோவா ஆகிய இடங்களின் ஸ்பாக்களில் உழைப்போரில் வடகிழக்குப் பெண்கள் கணிசமானோர் என்பது அறிந்த செய்தியே. அவள் முன் நான்கு வாய்ப்புகள் இருக்கின்றன: நட்சத்திர விடுதி ஒன்றின் ஸ்பா, வணிக வளாகத்தில் உள்ள ஸ்பா, கைபேசிச் செயலி வழியே வீடு வீடாகச் செல்லும் வேலை, வளைகுடா நாடு ஒன்றிற்கான விசா. தொகையைப் பார்த்தால் விடுதி சொல்வதுதான் குறைவு. செயலி சொல்வது ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே செயலியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்று அவளுடைய தோழிகள் சொல்வார்கள்.

கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விடுதி மாதம் 14,000 ரூபாய் தருவதாகக் கொள்வோம். இ.எஸ்.ஐ.க்காக அவளுடைய ஊதியத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 105 ரூபாய் பிடிக்கப்படும், வேலையளிப்பவர் 3.25 விழுக்காடாக 455 ரூபாய் செலுத்த வேண்டும். இந்த 560 ரூபாய்க்கு அவளுக்கும் அவளைச் சார்ந்தோருக்கும் மருத்துவம், நோயுற்ற நாட்களில் 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு, தகுதிக்காலம் நிறைந்திருப்பின் 26 வார மகப்பேற்றுக்காலப் பணம் ஆகியவை உரிமையாகின்றன. வருங்கால வைப்பு நிதியில் அவள் பங்கு 12 விழுக்காடு, முதலாளியின் பங்கும் அதுவே. செயலி தரும் இரு மடங்குத் தொகையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஆயின் விடுதி வேலையிலும் ஒரு பொறி உண்டு. பெரிய விடுதிகள் பலவற்றில் ஸ்பாவை நடத்துவது விடுதி அன்று. குத்தகைக்கு எடுத்த வேறொரு நிறுவனம். சீருடையில் விடுதியின் பெயர் பொறித்திருக்கும். ஊதியச் சீட்டில் வேறு பெயர் இருக்கும். குத்தகை மாறும் நாளில் வேலையும் மாறும், பணிக்காலமும் புதிதாகத் தொடங்கும். எனவே நியமனக் கடிதத்தில் எவருடைய பெயர் இருக்கிறது என்பதே அவள் கேட்க வேண்டிய முதற் கேள்வி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளதாக ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. அந்தக் கடமையைச் சொல்லும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடங்களுக்கே பொருந்தும். ஐந்தாறு பெண்களை வைத்து நடத்தப்படும் தெருமுனை ஸ்பாவுக்கு அந்தப் பெருமையால் ஒரு பாதிப்பும் இல்லை.

வணிக வளாக ஸ்பாவின் வழி வேறு. சிறிய அடிப்படை ஊதியம். மற்றதெல்லாம் கமிஷனும் வாடிக்கையாளர் தரும் டிப்ஸும். வாடிக்கையாளர் வராத பிற்பகல்களில் அவள் அங்கேயே அமர்ந்திருக்கிறாள். அந்த நேரத்துக்குக் கூலி இல்லை. காத்திருப்பதும் வேலைநேரமே. முதலாளியின் கூரையின்கீழ் முதலாளியின் ஆணைக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரம் எவருடைய நேரம் என்பதைத் தொழிலாளர் இயக்கம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பேசித் தீர்த்துவிட்டது. இவ்வகை இடங்களில் ‘பயிற்சிச் செலவு’ என்ற பெயரில் ஒப்பந்தப் பத்திரம் கேட்பதும் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கின்றன. உண்மையாகச் செலவிட்ட பயிற்சித் தொகையை மீட்கக் கோரும் நியாயமான ஒப்பந்தத்தை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. 2025 மே மாதத்தில் ஒரு பொதுத்துறை வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அத்தகைய பத்திரத்தை ஏற்றது. அசல் சான்றிதழ் என்பது வேறு. அதை அடகுப்பொருளாக்கிக் கொள்ளும் உரிமை எந்த முதலாளிக்கும் இல்லை.

பேசப்படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. இத்தொழிலின் கருவி கையே. கட்டைவிரல் மூட்டும் மணிக்கட்டும் இடுப்பும் தேய்கின்றன. நாளொன்றுக்கு எத்தனை உடல்களை அழுத்தி நீவவேண்டும், இரண்டு அமர்வுகளுக்கு நடுவே எத்தனை நிமிட ஓய்வு என்பதைக் கேட்காமல் ஊதியத்தை மட்டும் கேட்பவள் தன் கையை விலை சொல்லாமலே விற்கிறாள். எட்டு அமர்வுக்கு 20,000 ரூபாய் என்பதைவிட நான்கு அமர்வுக்கு 14,000 ரூபாய் உயர்ந்த கூலி. உழைப்புச் சக்தி மறுநாள் மீண்டெழ வேண்டும் என்று மார்க்ஸ் வற்புறுத்தியதை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது.

இனிச் செயலி. அங்கே அவள் தொழிலாளி அல்லள், ‘பார்ட்னர்’. இதைத் தமிழில் பங்காளி என்றுதான் பெயர்க்க வேண்டும். பங்காளிக்குச் சொத்தில் பங்குண்டு. பங்கு கேட்டு வழக்காடவும் உரிமையுண்டு. இவளுக்கு உள்ள பங்கோ எண்ணெய், விரிப்பு, பயணம், நிறுவனம் பிடிக்கும் கழிவு ஆகிய செலவுகளில் மட்டுமே. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனியின் அலுவலகம் முன்பு அழகுக்கலை, மசாஜ் தொழிலில் உள்ள பெண்கள் திரண்டனர். கூடிய கழிவுத் தொகையும் தண்டத் தொகைகளும் மதிப்பெண் முறையும் அவர்களுடைய குறைகள். சில வாக்குறுதிகள் கிடைத்தன. டிசம்பரில் புதிய நிபந்தனைகளை எதிர்த்து அவர்கள் மீண்டும் திரண்டபோது, நிறுவனம் அதே ‘பங்காளிகள்’ சிலர்மீது நீதிமன்றம் சென்றது.

சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு கிக் தொழிலாளி என்ற சொல்லை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர் என்று வரையறுத்தே ஏற்கிறது. நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு செலுத்த வேண்டும், அதுவும் தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ராஜஸ்தானில் 2023இலும் கர்நாடகத்தில் 2025இலும் வந்த சட்டங்கள் பதிவையும் நல நிதியையும் கொண்டுவந்தன. இவை ஓரடி முன்னேற்றமே. குறைந்தபட்சக் கூலி என்ற வாசலை இவை திறக்கவில்லை.

அந்நியர் வீட்டின் மூடிய அறைக்குள் தனியே நுழையும் பெண்ணுக்குப் பாதுகாப்பு எது? 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலை நிமித்தம் செல்லும் இடத்தையும் பணியிடமாகவே கொள்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் உள்ளகக் குழு, அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. வேலைக்கு அழைப்பவரிடம் அக்குழுவின் உறுப்பினர் யார் என்று கேட்டால் கிடைக்கும் பதிலே அந்த இடத்தைப்பற்றிப் பாதி சொல்லிவிடும். 2021இல் தில்லி அரசு எதிர்பாலினத்தவருக்கு மசாஜ் செய்வதைத் தடைசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஸ்பா அறைக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமைக்கு மாறானது என்றது. வரவேற்கத்தக்க ஆணைகள். எனினும் வரம்பு மீறும் வாடிக்கையாளரை வெளியேற்றிவிட்டுக் கூலியையும் மதிப்பெண்ணையும் இழக்காதிருக்கும் உரிமையைத் தடையும் தரவில்லை, தடை நீக்கமும் தரவில்லை. அவளுக்கு வேண்டியது அதுதான்.

இந்தத் தொழிலின் பெயரைக் கேட்டதும் உதட்டோரம் நகைப்பது நம் தோழர்களிடையேயும் இல்லாமலில்லை. அந்த நகைப்பின் வேர் சாதியில் இருக்கிறது. பிறர் உடலைத் தொட்டு நீவும் வேலை நாட்டின் பல பகுதிகளில் நாவிதர் சமூகத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. தலையை நீவும் ‘சம்பி’ என்ற இந்திச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் ஷாம்பு ஆயிற்று. சொல் கடல் கடந்து மதிப்புப் பெற்றது, கை இங்கேயே இழிவோடு நின்றது. காவல்துறைச் சோதனையின்போது முதலாளியின் பெயர் மறைந்து பெண்களின் முகங்கள் தொலைக்காட்சியில் வருவதும் அந்த இழிவின் தொடர்ச்சியே.

வளைகுடா விசாவைப்பற்றி ஒன்றே சொல்லலாம்: ஒப்பந்தத்தில் எழுதிய தொழிலும் விசாவில் எழுதிய தொழிலும் ஒன்றாக இல்லையெனில் விமானம் ஏறக்கூடாது.

தில்லி, பெங்களூரு போன்ற நகரங்களின் கட்சிக் கிளைகள் பயிற்சி மையங்களின் வாசலுக்குப் போயிருக்கின்றனவா? வேலைக்குச் சேர்ந்து, கடன்பட்டு, மதிப்பெண் குறைந்து, செயலி முடக்கப்பட்ட பிறகு ஒருத்தியைச் சங்கத்தில் சேர்ப்பது கடினம். அதற்குள் அவள் வேறு நகரத்துக்குப் போயிருப்பாள். நியமனக் கடிதத்தில் கையொப்பமிடுமுன் அதைப் படித்துச் சொல்ல இந்தியோ ஆங்கிலமோ அறிந்த ஒரு தோழர் வாரம் இருமுறை அந்த வாசலில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்தால் போதும். மிசோ, மணிப்புரி, அசாமிய மொழிகளில் ஒரு பக்கத் துண்டறிக்கை தேவை. மொழிபெயர்க்க ஆள் இல்லை என்ற பதிலை ஏற்பதற்கில்லை; அம்மொழி பேசும் மாணவர்கள் தில்லியில் நம் மாணவர் அமைப்பிலேயே இருக்கிறார்கள்.