பம்பை இறக்கும் முன் எர்த் ஒயரைப் பாருங்கள்

‘‘அப்பா வாங்கிய 35 எச்.பி. டிராக்டர் எங்களிடம் உள்ளது. 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு மாதங்களாகக் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. இரவில் ஏரிக்கரைச் சரிவில் நிறுத்திவிட்டு, காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்கிறோம். ஓட ஆரம்பித்துவிட்டால் மாலை வரை பிரச்னை இல்லை. ‘பம்பு, செல்ஃப் இரண்டையும் இறக்கிப் பார்க்க வேண்டும்’ என்கிறார்கள் பட்டறையில். ஆடிப்பட்டத்துக்கு உழவு ஓட்டியாக வேண்டும். மனைவி தோட்டை அடகு வைக்கலாம் என்கிறார். வெளிநாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையே வீட்டுக் கொட்டகையில் வைத்துச் சரிசெய்கிறார்கள், நாமே டிராக்டரைப் பார்த்தால் என்ன என்கிறான் மகன். பார்க்கலாமா?’’

- விழுப்புரம் மாவட்ட வாசகர்

தோட்டை இப்போதைக்கு அடகு வைக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. உருட்டியதும் பிடித்துக்கொள்கிறது, மாலை வரை உழவுக்கு இழுக்கிறது என்றால், பம்பும் நாசிலும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும்போது 500 டிகிரி அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் அந்தச் சூடு வராது, காலைக் குளிரில் சுத்தமாக வராது. சரிவில் உருட்டும்போது கிடைக்கிற வேகத்தை உங்கள் செல்ஃப் தரவில்லை. அதற்குக் காரணம் பேட்டரியாக இருக்கலாம், ஒயராக இருக்கலாம், கடைசியாகத்தான் செல்ஃப். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

உங்கள் மகன் சொல்வதும் சரிதான். டிராக்டருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பழைய உறவு உண்டு. இத்தாலியின் லம்போர்கினி 1948-ல் டிராக்டர் செய்ய ஆரம்பித்து, 1963-ல்தான் காருக்கு வந்தார். இங்கிலாந்தில் டிராக்டர் செய்துகொண்டிருந்த டேவிட் பிரவுன் 1947-ல் ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியையே வாங்கினார். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற பழைய கார் கிளம்பவில்லை என்றால், அங்கேயும் முதலில் பார்ப்பது பேட்டரி டெர்மினலையும் எர்த் ஒயரையும்தான்.

சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. அதிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். எலெக்ட்ரிக் கடையில் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கும். பம்புசெட்டுக்கும் உதவும், வாங்கிவிடுங்கள். இரவு முழுக்க நின்ற பேட்டரி காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்கும் கீழே என்றால் வெளியே சார்ஜ் போட்ட பிறகுதான் மற்ற சோதனை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். பெல்ட் சரியாக இருந்தால் ஆல்டர்னேட்டரைக் காட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மைனஸ் ஒயரை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. துடைத்து, உப்புத்தாளால் உள்பக்கம் பளிச்சென்று வரும்வரை தேய்த்து, இறுக்கிவிட்டு, மேலே வாசலின் தடவுங்கள்.

இனி எர்த் ஒயர். பழைய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். பேட்டரி மைனஸிலிருந்து சேசிஸுக்கோ கியர் பாக்ஸுக்கோ போகும் தடித்த ஒயர். போல்ட் இருக்கும் இடத்தில் துரு, சேறு, அதற்கு மேல் யாரோ அடித்த பெயின்ட் என்று எல்லாம் இருக்கும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், ஏனென்றால் அவற்றுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும். செல்ஃபுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையிலும், மறுமுனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வையுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து, எஞ்சின் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் பக்கம்தான். மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை எடுத்த பிறகு ஒவ்வொரு இணைப்பையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் குற்றவாளி. இணைப்பைக் கழற்றி, இரும்பு தெரியச் சுரண்டி, மாட்டுங்கள். ஒயரின் முனையில் உறைக்குள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தால் ஒயரையே மாற்றிவிடுங்கள், அதே தடிமனில். பம்புசெட் ஒயரில் மிச்சம் இருந்ததை வெட்டிப் போட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அது செல்ஃபுக்குத் தாங்காது.

செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரியின் இரண்டு முளைகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் உள்ளே உரசுகிறது. 11-க்கு மேலேயே நின்றும் மெதுவாகச் சுற்றினால் ஒயர்களில் எங்கோ தடை.

செல்ஃப் வேகமாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அது பெரும்பாலும் டீசல் லைனில் காற்று. ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பிரைமரை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். நாசில் பைப்பில் எங்கே கசிகிறது என்று மட்டும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். 150 கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கீழே நின்றபடி ஸ்பேனரை வைத்து செல்ஃபை ஷார்ட் செய்யும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கியரில் கிடக்கும் வண்டி பிடித்த அந்த நொடியே நகரும். நிற்கிற இடம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே. விலக நேரம் இருக்காது. ஏரிக்கரைச் சரிவும் அப்படித்தான். ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி இரவெல்லாம் பிரேக்கை நம்பி நிற்கிறது, பகலில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

ஒயர் எல்லாம் சரியாகியும் செல்ஃப் இழுக்கவில்லை என்றால், செல்ஃபை மட்டும் கழற்றி ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கார்பன் பிரஷ், புஷ் தேய்ந்திருக்கும். அவற்றை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். பம்பில் யாரும் கைவைக்க வேண்டாம், வீட்டிலும் சரி, பட்டறையிலும் சரி. நின்ற பேட்டரி எத்தனை வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது எத்தனை, எர்த்தில் எத்தனை என்று மூன்று எண்களையும் குறித்து எழுதுங்கள். மேற்கொண்டு அடுத்த இதழில் பார்க்கலாம்.