ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் புதுவை நாட்டுப்புறத்தின் பெருவிழா. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே நேரில் வந்து வடம் பிடிப்பது வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ஆயினும், கவர்னர் கை வைத்ததனால் மட்டும் தேர் நகர்ந்துவிடுவதில்லை; ஊரார் அத்தனை பேரும் சேர்ந்து இழுத்தால்தான் அது நிலைக்கு வந்து சேரும். உயர் கல்விக்கும் இது பொருந்தும். பல்கலைக் கழகம் என்னும் தேரின் வடத்தைப் பிடிக்க யார் யாருக்கு இடம் இருக்கிறது என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

பாகூருக்கு உயர் கல்வி புதிதன்று. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்க பல்லவனின் 8ஆம் ஆட்சி ஆண்டில், அவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. அந்தக் கல்லூரியைத் தாங்கியது கிராமத்தானின் உழைப்பு. ஆனால், வேத சாஸ்திரங்கள் ஓதிய அந்த இடத்தில் ஏர் பிடித்தவன் பிள்ளைக்கு இடம் இருந்ததில்லை.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. 1985இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தின்படி காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக் கழகம் ஏற்பட்டது. சாதி, சமய, ஆண், பெண் வேறுபாடின்றி அதன் கதவு திறந்திருக்கிறது. ஆனால், கதவு திறந்திருப்பது வேறு. உள்ளே போய் உட்கார நாற்காலி கிடைப்பது வேறு. பாகூர் தெற்கே இருக்கிறது. காலாப்பட்டு வடக்கே இருக்கிறது. நடுவே நகரத்தைத் தாண்ட வேண்டும். நாற்று நடும் தாயின் மகளுக்கு அந்தத் தூரம் மைல் கணக்கில் மட்டும் அளக்கக் கூடியதா? புதுவை மாணவர்களுக்குச் சில பாடப் பிரிவுகளில் மட்டும் கிடைத்த 25 சதவிகித ஒதுக்கீட்டை எல்லாப் பிரிவுகளுக்கும் விரிக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக எழுந்து வருவதற்கு இதுவே காரணம்.

மாணவர் சேர்க்கையோடு பிரச்னை முடிந்துவிடவில்லை. ஆசிரியர் நியமனத்தைக் கவனிப்போம். ஒதுக்கீட்டைக் கணக்கிட ஒவ்வொரு துறையையும் தனித்தனி அலகாகக் கொள்ள வேண்டும் என்று 2017இல் அலகாபாத் ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பார்வைக்குச் சிறு மாறுதல், பலனோ பெரிது. அந்தச் சுழற்சிக் கணக்கில் 4ஆவது பதவி பிற்படுத்தப்பட்டோருக்கு, 7ஆவது தாழ்த்தப்பட்டோருக்கு, 14ஆவது பழங்குடியினருக்கு. மூன்றே ஆசிரியர்கள் உள்ள துறையில் ஒருவருக்கும் முறை வராது! நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2019இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றி, மத்தியக் கல்வி நிலையங்களில் முழு நிறுவனத்தையும் ஒரே அலகாக்கியது.

ஆனால், இந்தச் சட்டம் நேரடி ஆசிரியர் நியமனத்தோடு நின்றுவிடுகிறது. துணைவேந்தர் பதவிக்கோ, நிர்வாகக் குழுவின் நியமன உறுப்பினருக்கோ இது பொருந்தாது. பாடத்திட்டம், கட்டணம், பஸ் வசதி, விடுதி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் கிராமத்தை அறிந்தவர் ஒருவரும் இல்லாவிட்டால், கிராமத்தின் குறை அங்கே எப்படிக் கேட்கும்? ஏரி நிரம்பினால் மட்டும் போதுமா? மதகு திறக்கும் நாளைக் குறிக்கையில் கடைமடைக்காரனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இதனால் தகுதி கெடும் என்று அஞ்சுவோர் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, வீட்டில் வழி சொல்ல ஆளின்றிப் பட்டம் பெறுகிறவனின் திறமை எந்த விதத்தில் குறைந்தது? அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் தமிழகம் 2020இல் 7.5 சதவிகிதமும், புதுவை 2023இல் 10 சதவிகிதமும் ஒதுக்கின. தகுதித் தேர்வில் தேறியவர்களே அந்த இடங்களில் அமர்கிறார்கள்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. நிர்வாகக் குழுவுக்கு ஆட்களை நியமிக்கையில் பெண்களையும் தாழ்த்தப்பட்டோரையும் கிராமப்புற ஆசிரியர்களையும் மறவாதிருத்தல் வேண்டும். சம வாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டைத் தடுக்கும் அதிகாரியும் வேண்டும் என்று பல்கலைக் கழக மானியக் குழு 2012இலேயே விதி வகுத்தது. அவற்றிடம் வந்த புகார்கள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை என்று ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்த வேண்டும்.

வடத்தில் இன்னும் இடம் இருக்கிறது. வில்லியனூரும் பாகூரும் கை கொடுக்கக் காத்து நிற்கின்றன. அவர்களை வேடிக்கை பார்க்க விட்டுவிட்டுத் தேர் நகரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை.